ரெக்கார்டு நோட்டில் ஊரும் பைத்தான்

பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா? வகுப்பைத் திட்டமிட உட்கார்ந்ததும் "லேபில் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுது?" என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். புது ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முதலில் கேட்க வேண்டியது பாக்ஸ் ஃபைல். கனமானதாக, முதுகில் பாடக் குறியீடு ஒட்ட இடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த செமஸ்டர் முழுக்க நீங்கள் பாடம் நடத்தப் போவது அதற்குத்தான்.

கோர்ஸ் ஃபைல் என்று அதற்குப் பெயர். முதல் தாளில் கல்லூரியின் தொலைநோக்கு. இரண்டாம் தாளில் துறையின் தொலைநோக்கு. (இரண்டுமே வேறொரு கல்லூரியின் ஃபைலிலிருந்து வந்தவை. ஊர்ப் பெயரை மாற்ற மறந்துவிடாதீர்கள், மறந்தவர்கள் உண்டு.) பிறகு லெசன் பிளான். 45 பீரியடுக்கும் தேதி போட்டு, எந்த நாளில் எந்த மணிக்கு எந்தத் தலைப்பு என்று முன்கூட்டியே எழுத வேண்டும். நவம்பரில் ஒரு நாள் மூன்றாம் பீரியடில் 'வொயில் லூப்' என்று போட்டிருப்பீர்கள். அன்றைக்குக் கனமழை, கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். கவலை வேண்டாம். ஃபைலில் வொயில் லூப் நடந்து முடிந்திருக்கும். அறுபது பேரும் வந்திருப்பார்கள். நான்கு பேர் சந்தேகம் கேட்டுத் தெளிந்திருப்பார்கள்.

அடுத்தது சிஓ-பிஓ மேப்பிங். பாடத்தால் விளையும் பயன்கள் இடப்பக்கம், பட்டதாரிக்கு இருக்க வேண்டிய குணங்கள் மேல்வரிசையில். நீண்ட காலம் அந்தக் குணங்கள் பன்னிரண்டு. ஏழாவது சுற்றுச்சூழல் அக்கறை, எட்டாவது நெறி. பைத்தான் மொழியில் லிஸ்டுக்கும் டப்பிளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்தால் ஒரு பிள்ளைக்கு நெறி எவ்வளவு ஏறும்? ஒன்றா, இரண்டா, மூன்றா? எண் போட்டாக வேண்டும். எல்லாக் கட்டத்திலும் மூன்று போட்டால் ஆய்வுக்கு வருகிறவர் முகம் சுளிப்பார் என்று அங்கங்கே ஒன்றும் இரண்டுமாகத் தூவி, சராசரி கண்டு, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை நெறியை அளந்துவிடுகிறோம். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2 என்று ஒரு முத்திரை வேறு. பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1956-இல் சக அறிஞர்களோடு வகுத்த படிநிலை அது. பிள்ளைகள் மனப்பாடத்தைத் தாண்டி யோசிக்க வேண்டும் என்று அந்த மனிதர் எழுதிவைத்தார். நாம் அதை எக்ஸெல்லில் ஒரு நெடுவரிசை ஆக்கி, அதையும் மனப்பாடமாக நிரப்புகிறோம்.

இத்தனையும் முடித்தபிறகு, ஓர் ஓரத்தில் மாணவர் என்று ஒருவர் மிச்சமிருப்பார். அவரைப் பாடத்திட்டம் பார்த்துக்கொள்ளும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2017 விதிமுறையில், முதலாம் ஆண்டில் சி மொழி இருந்த இடத்தில், எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக 'ப்ராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் ப்ரோகிராமிங்' என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. கிண்டல் இல்லாமல் சொல்கிறேன், நல்ல முடிவு. சிவில் படிக்கிறவருக்கும் மெக்கானிக்கல் படிக்கிறவருக்கும் உதவுகிற மொழி அது. பாடநூலாக வைத்தது ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்'. அதுவும் நல்ல நூல். ஆசிரியரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே பைத்தானைத் திற, ஒன்றையும் ஒன்றையும் கூட்டச் சொல்லிப் பார், ஒரு வரியைத் திரையில் காட்டச் சொல் என்று பிள்ளையைக் கையைப் பிடித்துக் கணினி முன்னால் உட்கார வைத்துவிடுகிறார். பாடநூல் அப்படி. பாடத்திட்டத்தின் முதல் அலகில் என்ன இருக்கிறது தெரியுமா? ஹனோய் கோபுரம்.

எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1883-இல் வெளியிட்ட புதிர் அது. மூன்று கம்பம். ஒரு கம்பத்தில் பெரியது கீழும் சிறியது மேலுமாக வட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு வட்டை மட்டும் எடுத்து, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல் எல்லாவற்றையும் வேறு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். இதைத் தீர்க்க, ஒரு செயல்முறை தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ரெகர்ஷன் என்ற உத்தியைத்தான் வழக்கமாகக் கையாள்வார்கள். தொழிலில் பல வருடம் ஊறியவர்களே நின்று யோசிக்கிற இடம். இது அலகு ஒன்றில். ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் வேரியபிள் என்ற சங்கதி அலகு இரண்டில். 2021-இல் விதிமுறையைத் திருத்தினார்கள். அலகின் தலைப்பில் 'கம்ப்யூடேஷனல் திங்கிங்' சேர்ந்தது. கோபுரம் அங்கேயேதான் நின்றது.

எனவே செப்டம்பர் மாதம், வாழ்க்கையில் முதல்முறையாக நிரல் என்ற சொல்லைக் கேட்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை, ஒரு வரிகூட ஓட்டிப் பார்க்காமல், வேரியபிள் என்றால் என்னவென்று தெரியாமல், ரெகர்ஷனைப் படிக்கிறது. எப்படிப் படிக்கும்? மூன்று வட்டுக்கு ஏழு நகர்த்தல். ஏழையும் வரிசையாக மனப்பாடம் செய்துவிடும். நான்கு வட்டு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். "சார், அது கொஸ்டின் பேங்க்ல இல்ல" என்பார்கள். உண்மைதான், இல்லை.

இனி லேப். 2017 விதிமுறையின் செய்முறைப் பட்டியல் இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியில் தொடங்கி, பைகேம் என்ற பைத்தான் கருவித்தொகுப்பில் நீள்வட்டப் பாதையில் கோள்கள் சுற்றுவதையும் பந்து துள்ளுவதையும் காட்டுவதில் முடிகிறது. 2021 பட்டியலில் ஃப்ளோசார்ட் போட வேண்டியவற்றில் மின்கட்டணக் கணக்கு உண்டு, சில்லறை விற்பனைக் கடை பில் உண்டு, 'மோட்டார் பைக்கின் எடை' என்றும் ஒன்று உண்டு. மோட்டார் பைக்கின் எடையை ஃப்ளோசார்ட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. தொடக்கம் என்று முட்டை வடிவில் ஒன்று, உள்ளீடு என்று இணைகரம் போல ஒன்று, முடிவு என்று இன்னொரு முட்டை. மாநிலம் முழுவதும் பைக்குகள் எடை போடப்பட்டுவிட்டன.

கோள்கள் சுற்றியதையும் சொல்ல வேண்டும். பைகேம் அந்த லேபில் நிறுவப்பட்டிருக்காது. நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர் போன வருடமே வேலையை விட்டுவிட்டார். அதனால் என்ன? ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கம் கோடு போடாமல் வெள்ளையாக இருக்கிறதே. பிள்ளை சீனியரின் நோட்டைப் பார்த்து நடுவில் சூரியனை மஞ்சள் ஸ்கெட்ச்சில் வரைகிறது, சுற்றி ஒரு நீள்வட்டம், அதன்மேல் நீலப் பந்து. கெப்ளர் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு 1609-இல் வெளியிட்ட பாதையை நம் பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்துவிட்டது. கீழே 'அவுட்புட்' என்று தலைப்பு. அதற்கும் கீழே, ஒவ்வொரு சோதனையின் கடைசியிலும் எழுதியே ஆக வேண்டிய வாக்கியம் ஆங்கிலத்தில்: இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, வெளியீடு சரிபார்க்கப்பட்டது. பக்கத்தில் பொறுப்பாசிரியரின் கையெழுத்து, தேதியுடன்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிரல் இயங்கவில்லை. வெளியீடு வரவில்லை. சரிபார்க்க எதுவும் இல்லை. இது எழுதுகிற பிள்ளைக்குத் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியும், நோட்டைத் தைத்துத் தரும் கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மார்க் போய்விடும். பொறியியலின் முதல் பருவத்தில் நாம் உருப்படியாகக் கற்றுக்கொடுப்பது இதை மட்டும்தான்: நடக்காததை நடந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கு. பட்டியலில் உள்ள அத்தனை சோதனைக்கும் அத்தனை தடவை, பேனாவால், கையெழுத்து அழகாக. நாளைக்கு இந்தப் பிள்ளை பாலத்துக்குச் சான்று கொடுக்கும். லிஃப்ட்டுக்குச் சான்று கொடுக்கும்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஆள் எடுக்கக் கல்லூரிகளுக்குப் போவது என் தலையில் விழும் வேலை. ஒரு கல்லூரியில், எட்டுக்கு மேல் சிஜிபிஏ வைத்திருந்த ஒரு தம்பியிடம் மடிக்கணினியை நகர்த்தி, "பத்து எண்ணுல எது பெருசுன்னு சொல்ற ப்ரோகிராம் ஒண்ணு எழுதுங்க தம்பி" என்றேன். அவர் மடிக்கணினியைத் தொடவில்லை.

"சார், பேப்பர் தருவீங்களா?"

கொடுத்தேன். பையிலிருந்து ஸ்கேல் எடுத்தார். இடப்பக்கம் மார்ஜின் போட்டார். எய்ம், அல்காரிதம், ப்ரோகிராம், அவுட்புட் என்று பென்சிலில் அடிக்கோடிட்டுத் தலைப்புகள். அவுட்புட்டில், தான் நினைத்துக்கொண்ட பத்து எண்களையும் அவற்றுள் பெரியதையும் எழுதிச் சதுரம் கட்டினார். அப்பழுக்கில்லை. "நல்லா இருக்கு. இதையே இதுல அடிச்சு ஓட்டிக் காட்டுங்க" என்றேன். வேர்டைத் திறந்தார். கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. முதலில் அடித்த சொல், எய்ம்.

அந்தத் தம்பி முட்டாள் இல்லை. நான்கு வருடம் அவருக்கு எது நிரல் என்று காட்டப்பட்டதோ அதை அட்சரம் பிசகாமல் எழுதிக் காட்டினார். முட்டாள்கள் வேறு இடத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பைத்தானைத் தாளில் எழுதச் சொல்லித் தேர்வு வைப்பது தனி வகைக் கொடுமை. மற்ற பல மொழிகளில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அடைப்புக்குறி சொல்லும். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் சொல்லும். இடைவெளி தப்பினால் நிரலின் பொருளே மாறும், அல்லது ஓடவே ஓடாது. பல்கலைக்கழகத் தேர்வில் இதைக் கோடு போட்ட தாளில், மூன்று மணி நேரத்தில், இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று என்று எழுத வேண்டும். பாதி நிரலில் பக்கம் முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் இடைவெளி எங்கே தொடங்கியது என்பது எழுதியவருக்கும் தெரியாது, கட்டுக் கட்டாகத் திருத்துகிறவருக்கும் தெரியாது. நிரலை எழுதிய பிள்ளையே கணினியாகவும் மாறி அதை மனதுக்குள் ஓட்டி அவுட்புட்டையும் எழுதி வைக்கும். கணினிப் பாடத் தேர்வு அறையில் கணினிக்கு மட்டும் அனுமதி கிடையாது.

அது ஏன் என்று எனக்கு இப்போது புரிகிறது. அந்த வளாகத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆசாமி கணினிதான். எச்ஓடி சொன்னாலும் சேர்மன் சொன்னாலும் தப்பான நிரலை ஓடியதாகச் சொல்லாது. மூன்றாம் வரியில் பிழை என்று சிவப்பில் காட்டும். அப்படிப்பட்டதைப் பிள்ளைகளோடு பழக விடலாமா? பூட்டித்தான் வைக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, துடைத்து வைத்தால் போதும்.

பைத்தானாவது வந்தது. சில கலை அறிவியல் கல்லூரி லேப்களில் இன்னும் டர்போ சி++ நீலத் திரைதான். போர்லாந்து நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட சரக்கு. சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் வந்ததே 1998-இல். இன்றைய விண்டோஸில் அந்தக் கிழம் எழுந்திருக்காது என்பதால், டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, பழைய டாஸ் உலகத்தைப் பொய்யாக உண்டாக்கி, அதற்குள் அதை உட்கார வைத்துப் பிள்ளைகளைக் கும்பிடச் சொல்கிறோம். அந்த நிரலை வெளியே எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் வரியிலேயே பிழை என்று திருப்பி அனுப்பும். நல்ல கம்பைலர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று சொன்னால், "ரெக்கார்டு மேனுவல் மாத்தணும் சார், அது பெரிய வேலை" என்கிறார்கள்.

ஆசிரியரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. எனக்கு மனம் வரவில்லை. அவர் பட்டம் வாங்கியதும் இதே ரெக்கார்டு நோட்டை எழுதித்தான். சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். காகிதத்தில் காட்டும் சம்பளம் ஒன்று, கைக்கு வருவது ஒன்று. கோடையில் வீடு வீடாகவும் பள்ளி பள்ளியாகவும் போய் அட்மிஷன் பிடித்து வர வேண்டும். இத்தனை பேரைச் சேர்க்காவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். வகுப்பை எப்படி நடத்தலாம் என்று யோசிக்க உட்கார்ந்தால் மேலே சொன்ன பாக்ஸ் ஃபைல் கேட்டு ஆள் வந்து நிற்கும். அவரும் எழுதுகிறார்: இவ்வாறாகப் பாடம் வெற்றிகரமாக நடத்தப்பட்டு, பயன் சரிபார்க்கப்பட்டது.

சில கல்லூரிகளில் ஆசிரியர் என்ற ஆளே தேவைப்படவில்லை. 2024 ஜூலையில், ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று. பல்கலைக்கழகமும் விசாரித்துவிட்டு, முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. ஒரே ஆள், ஒரே மணியில், பல ஊர்களில் முழுநேரம். கணினியில் இதை மல்டி டாஸ்கிங் என்பார்கள். அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள். நிர்வாகங்களோ செய்முறை விளக்கமே காட்டியிருக்கின்றன. இந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் இணைப்பு எப்படிக் கிடைத்தது? ஆய்வுக் குழு போயிருக்கும், ஆசிரியர் பட்டியலைப் பார்த்திருக்கும், எழுதியிருக்கும், சரிபார்க்கப்பட்டது என்று.

தேசிய அளவில் மட்டும் என்ன வாழ்கிறது? 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரமதிப்பீடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு வழங்கும் அமைப்பு. நமது பாக்ஸ் ஃபைல்கள் எல்லாம் யார் கண்ணில் படுவதற்காக அடுக்கப்படுகின்றனவோ அந்தக் கண்கள்.

பதினெட்டு வயதுப் பிள்ளை ரெக்கார்டில் ஒரு பொய் எழுதினால் அதைக் கூப்பிட்டுக் கண்டிக்க இந்த வரிசையில் யாருக்கு வாய் இருக்கிறது?

இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. 2022 நவம்பருக்குப் பிறகு காட்சி இன்னும் தெளிவாக ஓடுகிறது. ஆசிரியர் லெசன் பிளானை அதனிடம் வாங்குகிறார். கேள்வி வங்கியும் அதுவே தருகிறது. பிள்ளை விடையை அதனிடம் கேட்டு, ஃபோன் திரையைப் பார்த்து ரெக்கார்டில் கையால் எழுதுகிறது. கேள்வி கேட்டது இயந்திரம், நிரல் எழுதியது இயந்திரம், நடுவில் பிரின்டர் வேலையைப் பார்த்தது மனிதப் பிள்ளை. அதே கல்லூரி வாசலில், செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் கூடுதல் இடங்கள் என்று ஃப்ளெக்ஸ்.

நிரல் எழுதக் கற்றுக்கொள்வது கடினம்தான், உலகம் முழுக்கக் கடினம்தான் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடம் முடித்த மாணவர்களைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட மிக மோசமான விளைவு. பலருக்கு எளிய நிரலே வரவில்லை. ஆமாம். ஆனால் அவர்கள் உண்மையான நிரல் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள், தோற்றதை வெளியே சொன்னார்கள், அதன்பின் எப்படிக் கற்பிப்பது என்று இருபது வருடமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் தோல்வியே கிடையாது. ஃபைலில் பாடப் பயன் எட்டிய அளவு, அதாவது அட்டெயின்மென்ட், எப்போதும் இரண்டே கால்.

ஒழுங்கான முதல் வகுப்புக்குப் பெரிய செலவு இல்லை. நான் பார்த்த நல்ல வகுப்பு ஒன்று வாடகைக் கட்டடத்தின் மாடியில், பழைய மடிக்கணினிகளோடு நடந்தது. இரண்டு பேருக்கு ஒரு கருவி. சொல்லிக்கொடுத்தவர் முதல் பத்து நிமிடத்தில் எல்லோரையும் ஒரு நிரல் அடிக்க வைத்தார்: ஓர் எண்ணைக் கேள், இன்னோர் எண்ணைக் கேள், இரண்டையும் கூட்டிக் காட்டு. ஐந்தும் ஏழும் கொடுத்தார்கள். திரையில் 57 என்று வந்தது. அறையே சிரித்தது. "மெஷின் தப்பா சொல்லுதுண்ணா!" என்றது ஒரு பெண். "தப்பா சொல்லல பாப்பா. நீ குடுத்ததை அது எண்ணுன்னு நினைக்கல, எழுத்துன்னு நினைச்சிருக்கு. ஒட்டி வெச்சிருச்சு" என்றார் அவர். கல்லூரியில் இரண்டு மார்க் கேள்வியாக வரும் டேட்டா டைப் என்ற சங்கதி அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் மறக்காது. பிழை வரும்போதெல்லாம் அவர் பிள்ளைகளை நிறுத்தி, அது என்ன சொல்கிறது என்று வாய்விட்டுப் படிக்க வைத்தார். ஒரு பையனின் பெயரை வைத்தே, தமிழ் எழுத்தில், வேரியபிள் உண்டாக்கினார். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும், 2008-இல் வெளிவந்த நாள் முதல். அவன் தன் பெயரில் ஒரு மதிப்பு உட்கார்ந்திருப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு முழுக்கத் தமிழில். அதையும் சொல்லியே ஆக வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வரும் பிள்ளை, கல்லூரியில் ஆங்கில பிபிடியை ஆங்கிலத்திலேயே படித்துக் காட்டும் வகுப்பில் வாயைத் திறக்காது. இரண்டு மாதத்தில் அதன் பெயர் 'ஸ்லோ லேர்னர்' பட்டியலில் ஏறிவிடும். அந்தப் பட்டியலும் ஃபைலுக்குத் தேவை என்பதால் அதில் எல்லோருக்கும் ஒருவகை மகிழ்ச்சி. முத்து அண்ணாமலை 'எழில்' என்று ஒரு தமிழ் நிரல்மொழியையே செய்து திறந்த மூலமாக விட்டிருக்கிறார். கணியம் சீனிவாசனும் அவருடைய நண்பர்களும் வருடக்கணக்கில் எளிய தமிழில் கணினி நூல்கள் எழுதவைத்து இலவசமாக வெளியிடுகிறார்கள், பைத்தானைத் தமிழில் சொல்லித்தருகிறார்கள். சம்பளம் வாங்காமல். கல்லூரிகள் இவர்களை ஒரு நாள் செமினாருக்கு அழைத்து, சால்வை போட்டு, ஃபோட்டோ எடுத்து, அந்த ஃபோட்டோவை எடுத்துக்கொண்டுபோய் எங்கே வைக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் வருடம் பிள்ளைக்கு வேலை கிடைக்காது. அப்பா நகையை அடகு வைத்து, சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கோச்சிங் சென்டரில் 'ஃபுல் ஸ்டாக்' சேர்த்துவிடுவார். அங்கே முதல் நாள், இன்னொருவர், இன்னொரு கட்டணத்துக்கு, கூட்டல் நிரலில் தொடங்குவார். இரண்டு தடவை காசு வாங்கியவர்கள் இரண்டு பேர். இரண்டு தடவை கொடுத்தவர் ஒரே ஆள்.

கலந்தாய்வு சமயத்தில் கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிசப்ஷனில் பளபளப்பான புத்தகத்தைக் காட்டி, தரமதிப்பீட்டு எழுத்தையும் அதன் பின்னால் நிற்கும் கூட்டல் குறிகளையும் எண்ணச் சொல்வார்கள். எண்ணாதீர்கள். முதலாம் ஆண்டு லேபைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளில் யாரையாவது நீங்களே கைகாட்டிக் கூப்பிட்டு, ஐந்து எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரலை உங்கள் கண் முன்னால் அடித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பைத்தான் தெரிய வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். லேபைத் திறக்க முடியாது, இன்சார்ஜ் லீவு, சாவி அவரிடம் என்றால், கட்டக் கொண்டுபோன பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.